அறிய முடியாதவரை எப்படி ஆராதிப்பது?

கேள்வி இது: "எங்கள் சபைப் போதகர் போன ஞாயிறு, ‘கடவுளை மனுஷ அறிவால் அறியவே முடியாது’ என்று பிரசங்கத்தைத் தொடங்கினார். அப்புறம் முக்கால் மணி நேரம் அவரைப் பற்றியே பேசினார். அறிய முடியாத ஒருவரை எப்படி வழிபடுவது? கேரளத்துச் சிரியன் கோவில்களில் பீடத்துக்குத் திரை போட்டு மூடுவதும் இதற்காகத்தானா? ‘மறைபொருள்’ என்பதே கேள்வி கேட்பவன் வாயை அடைக்கிற உத்தியோ என்று ஒரு சந்தேகம். எல்லாம் புரிகிற தமிழில் நடக்கும் எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஆராதனையில் அப்படி என்ன மறைபொருள் இருக்கிறது?"

உங்கள் சந்தேகத்துக்கு வயது 1,600க்கு மேல். கி.பி. 370களில் செசரியா நகரத்து ஆயராக இருந்த பேசில், தன் நண்பர் அம்பிலோகியுஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் இதே கிடுக்கிப்பிடியைச் சொல்கிறார். (அந்தச் செசரியா இப்போது துருக்கியின் நடுவில் கைசேரி என்ற பெயரில் இருக்கிறது.) எதிரணிக்காரர்கள் வந்து, "நீங்கள் தொழுவது தெரிந்தவரையா, தெரியாதவரையா?" என்று கேட்பார்களாம். "தெரிந்தவரை" என்றால், "சரி, அவருடைய சாராம்சம் என்ன, அதாவது உள்ளபடியே அவர் என்னவாக இருக்கிறார், சொல்லுங்கள்" என்பார்கள். "அது தெரியாது" என்றால், "அப்போது தெரியாத எதையோ தொழுகிறீர்கள்" என்று மடக்குவார்கள்.

இந்தக் கிடுக்கிப்பிடியைப் போட்டவர்கள் நாத்திகர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான். அவர்களுடைய தலைவர் யூனோமியுஸ், சிசிக்கஸ் என்ற ஊருக்குக் கொஞ்ச காலம் ஆயராகவும் இருந்தவர், தர்க்கத்தில் புலி. கடவுள் ‘பிறவாதவர்’, அந்தச் சொல் அவருக்கு நாம் சூட்டிய பெயர் அல்ல, அவருடைய சாராம்சமே அதுதான், அதைச் சரியாகப் புரிந்துகொண்டவன் கடவுளைப் புரிந்துகொண்டவன் என்பது அவர் வாதம். மகன் ‘பிறந்தவர்’ என்பதால் அவர் தந்தையின் சாராம்சத்தில் சேரமாட்டார் என்று அடுத்த படிக்கும் போய்விடுவார். "கடவுளுக்குத் தன் சாராம்சத்தைப் பற்றி நம்மைவிட அதிகமாக ஒன்றும் தெரியாது" என்று அவர் சொன்னதாக ஐந்தாம் நூற்றாண்டுச் சபை வரலாற்றாசிரியர் சாக்ரட்டீஸ் எழுதிவைத்திருக்கிறார். எதிரணியில் இருந்தவர் எழுதியது, கொஞ்சம் தள்ளுபடி செய்தே படிக்கலாம். ஆனாலும் வாதத்தின் போக்கு அந்தப் பக்கம்தான்.

யூனோமியுஸ் சொன்ன இன்னொரு வரி உண்டு. பேசிலின் தம்பி, நிசா நகரத்துக் கிரகோரி, அதை எடுத்துவைத்துக்கொண்டு பதில் எழுதுகிறார். பக்தியின் மறைபொருள் திருநாமங்களில் இல்லை, வழக்கங்களிலும் மறையடையாளங்களிலும் இல்லை, கோட்பாடுகளின் துல்லியத்தில்தான் இருக்கிறது என்பது அந்த வரியின் சாரம். ஞானஸ்நானம், திருவிருந்து, திரித்துவத்தின் பெயரை வாயால் அறிக்கையிடுவது எல்லாம் ஓரத்துக்குப் போய்விடுகின்றன. சூத்திரம் சரியாக இருந்தால் போதும்.

என்னைக் கேட்டால் விவகாரத்தின் முடிச்சு இங்கேதான். கடவுளை முழுவதும் அறியலாம் என்றவருக்குத்தான் வழிபாடு இரண்டாம்பட்சமாகப் போயிற்று. அறிய முடியாது என்று வாதாடியவர்கள்தான் வழிபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். இன்றுவரை கிழக்கத்திய சபைகள் சொல்லும் ஜெபங்களை வடிவமைத்தவர்களும் அவர்களே. கடவுள் எட்டாதவர் என்றால் வழிபாட்டுக்கு அங்கே இடமிருக்காது என்று உங்கள் கேள்வி எடுத்துக்கொள்கிறது. வரலாற்றில் நடந்தது நேர் எதிர்.

அந்த நூற்றாண்டில் இது படித்தவர்களின் சண்டை மட்டும் அல்ல. 383இல் கான்ஸ்டான்டிநோபிளில் பேசிய பேசிலின் தம்பி கிரகோரி நகரத்து நிலவரத்தைச் சொல்கிறார்: சில்லறை கேட்டால் ‘பிறந்தவர், பிறவாதவர்’ பற்றிப் பாடம் நடத்துகிறார்கள்; ரொட்டி என்ன விலை என்றால் ‘தந்தை பெரியவர், மகன் கீழ்ப்பட்டவர்’ என்று பதில் வருகிறது; குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால் ‘மகன் இல்லாமையிலிருந்து உண்டாக்கப்பட்டவர்’ என்கிறான் ஆள். அவருடைய நண்பர், நாசியான்சு ஊர்க் கிரகோரி, அதே நகரத்தில் மூன்று வருஷம் முன்பு இதற்கு ஒரு வரம்பு கட்டப் பார்த்தார். கடவுளை மூச்சு விடுவதைவிட அதிகமாக நினையுங்கள், ஆனால் எல்லா இடத்திலும் எல்லா நேரத்திலும் அவரைப் பற்றி விவாதம் நடத்தாதீர்கள் என்றார். யாரும் கேட்ட மாதிரி தெரியவில்லை.

சரி, பேசில் என்ன பதில் சொன்னார்? ‘அறிவது’ என்றால் ஒரே ஒரு விதம்தான் என்று எடுத்துக்கொண்டதுதான் கோளாறு என்கிறார். கடவுளுடைய வல்லமை, ஞானம், நன்மை, நம்மைப் பராமரிக்கும் விதம், நியாயத்தீர்ப்பு இவையெல்லாம் நமக்குத் தெரியும். சாராம்சம் தெரியாது. அவருடைய செயல்கள் நம்மிடம் இறங்கி வருகின்றன. சாராம்சமோ எட்டாத இடத்திலேயே இருக்கிறது. சீடர்கள் இயேசுவை எப்போது தொழுதார்கள்? காற்றும் கடலும் அவருக்குக் கீழ்ப்படிந்ததைப் பார்த்தபோது. சாராம்சத்தை வரையறுத்து முடித்துவிட்டு அப்புறம் முழங்கால் போடவில்லை. செயலிலிருந்து அறிவு, அறிவிலிருந்து ஆராதனை என்பது அவர் வைக்கும் வரிசை. எட்டாதவர் என்று உணர்வதையும் அவர் அறிவிலேயே சேர்க்கிறார்.

ஆக உங்கள் போதகர் முக்கால் மணி நேரம் பேசியதில் முரண்பாடு இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. கடவுள் செய்ததைப் பற்றிப் பேசினார் என்றால் பேசில் பக்கம் நிற்கிறார். கடவுளின் உள்ளமைப்பைப் படம் வரைந்து பாகம் குறித்தார் என்றால் அது வேறு சங்கதி.

இப்போது அந்தியோகியாவுக்கு வருகிறேன். வழிபாடும் அறியவொண்ணாமையும் ஒரே கூரையின் கீழ் எப்படி இருந்தன என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 386இல் அங்கே யோவான் என்பவருக்குக் குருப்பட்டம் கிடைத்தது. ‘கிறிசோஸ்தோம்’, அதாவது பொன்வாய், என்ற பட்டப்பெயர் ரொம்பப் பிற்பாடு வந்தது. அந்த வருஷக் கடைசியிலேயே யூனோமியுஸ் கட்சிக்கு எதிராக ஒரு தொடர் பிரசங்கத்தைத் தொடங்கினார். பொருளே கடவுளின் அறியவொண்ணாமைதான். அந்தக் கட்சிக்காரர்கள் பலர் ஆசையாக வந்து தன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். விரட்டிவிட வேண்டாமே என்று இத்தனை நாள் பொறுத்திருந்தேன், அவர்களே வாதத்துக்கு அழைத்ததால் இப்போது இறங்குகிறேன் என்று முதல் பிரசங்கத்திலேயே சொல்லிவிடுகிறார்.

மூன்றாவது பிரசங்கம்தான் நமக்கு முக்கியம். ஏசாயா 6ஆம் அதிகாரத்தை எடுக்கிறார். சேராபீன்கள் என்ற தேவதூதர்கள் இரண்டு செட்டைகளால் தங்கள் முகத்தை மூடிக்கொண்டு ‘பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்’ என்று கூப்பிடுகிறார்கள். ஏன் முகத்தை மூட வேண்டும்? அவர்கள் முன்னால் இருந்தது கடவுளின் சாராம்சம்கூட அல்ல, அவர்களுக்கேற்ப அவர் தாழ்ந்து காட்டிய ஒரு தோற்றம். அதையே அவர்களால் தாங்க முடியவில்லை என்கிறார் யோவான். அப்புறம் தானியேல். அவன் பார்த்தது வெறும் ஒரு தேவதூதனை. அதற்கே பெலன் எல்லாம் போய் முகங்குப்புற விழுந்தான். தூதர்களுக்கே இந்தக் கதி என்றால் அந்தியோகியாவில் சிலர் மட்டும் கடவுளை அளந்து முடித்துவிட்டதாகச் சொல்வது எப்படி என்று கேட்கிறார்.

இப்படியே போய்ப் பிரசங்கத்தின் கடைசிப் பகுதியில் திடீரென்று சபையைப் பார்த்துத் திட்டத் தொடங்குகிறார். என்ன புகார்? பிரசங்கம் கேட்க இவ்வளவு கூட்டம்; பிரசங்கம் முடிந்து திருவிருந்து தொடங்கும் நேரம் கோவில் காலி! உங்களோடுகூட வேலைக்காரனாக இருக்கிற நான் பேசினால் முண்டியடித்துக்கொண்டு கேட்கிறீர்கள், கிறிஸ்து தோன்றும் நேரத்தில் எழுந்து போகிறீர்கள் என்று ஆதங்கப்படுகிறார். ‘வீட்டிலேயே ஜெபித்துக்கொள்கிறேன்’ என்ற சாக்கு அப்போதே இருந்திருக்கிறது. அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: வீட்டில் ஜெபிக்கலாம், ஆனால் இத்தனை பேர் ஒரே மனதாக எழுப்பும் கூக்குரல் அங்கே கிடையாது.

உதாரணத்துக்கு அந்த ஊர்க்காரர்களுக்கே ஞாபகம் இருந்த ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். சில வருஷங்களுக்கு முன்பு ஆட்சியைக் கவிழ்க்கச் சதி செய்ததாகச் சிலர் பிடிபட்டார்கள். பெரிய பதவியில் இருந்த ஒருவரை, வாயில் கயிறு கட்டி, கொலைக்களத்துக்கு இழுத்துப்போனார்கள். ஊரே, கூலிவேலைக்காரர் முதற்கொண்டு, குதிரைப்பந்தய மைதானத்துக்கு ஓடிவந்து ஒன்றாகக் கெஞ்ச, மன்னிக்கவே முடியாத அந்த ஆளை அரச கோபத்திலிருந்து மீட்டார்கள். பூலோக ராஜாவிடம் கெஞ்சுவதற்குப் பெண்டாட்டி பிள்ளைகளோடு ஓடினீர்களே, பரலோக ராஜாவிடம் மன்றாடும் நேரத்தில் ஏன் நழுவுகிறீர்கள் என்று மடக்குகிறார்.

அதே தொடரில் வேறொரு இடத்தில் பிக்பாக்கெட்காரர்களைப் பற்றி எச்சரிக்கிறார். நெரிசலில் பிரசங்கத்தில் மெய்மறந்து நிற்பவர்களின் பணப்பையை அறுத்துக்கொண்டு போகிறார்களாம். அதனால் கோவிலுக்கு வரும்போது பணம் கொண்டுவராதீர்கள் என்கிறார். காணிக்கை நிலவரம் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை! நான் இதைச் சொல்வதற்குக் காரணம், ‘மறைபொருள்’ என்றவுடன் மங்கிய வெளிச்சமும் தூபப்புகையும் கிசுகிசுத்த குரலும்தான் நம் நினைப்பில் வருகின்றன. அந்தியோகியாவில் அது நெருக்கியடிக்கிற கூட்டத்தில், கைதட்டலுக்கு நடுவில், திருடர்களுக்கும் நடுவில் பேசப்பட்டது. கடவுளை அளக்க முடியாது என்று ஒரு மணி நேரம் வாதாடிவிட்டு அந்த மனுஷர் வந்து சேர்ந்த இடம், ‘எழுந்து போகாதே, நின்று ஜெபி’ என்பது.

அந்தப் பிரசங்கத்தில் அவர் கடவுளை அழைக்கும் சொற்கள், இன்று கிரேக்க, ரஷ்ய மரபு ஆர்த்தடாக்ஸ் சபைகள் பெரும்பாலான ஞாயிறுகளில் சொல்லும் நற்கருணை (திருவிருந்து) ஜெபத்தில் அப்படியே இருக்கின்றன. அந்த வழிபாட்டு முறைக்கே ‘புனித யோவான் கிறிசோஸ்தோமின் திருவழிபாடு’ என்றுதான் பெயர். முழு ஜெபத்தையும் அவரே எழுதவில்லை. அந்தியோகியாவில் ஏற்கெனவே புழங்கிய ஒரு பழைய ஜெபத்தை எடுத்து அவர் திருத்தினார், யூனோமியுஸ் சண்டையின் சூட்டில் இந்த எதிர்மறைச் சொற்களை அதில் சேர்த்தவரும் அவரே என்பது வழிபாட்டு வரலாற்று அறிஞர் ராபர்ட் டாஃப்ட்டின் வாதம். எனக்கு அது சரியாகவே படுகிறது. ஜெபத்தின் அந்தப் பகுதி தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்:

"உம்மைப் பாடுவதும், உம்மை வாழ்த்துவதும், உமக்கு நன்றி சொல்வதும், உமது ஆளுகை எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் உம்மைத் தொழுவதும் தகும், நியாயமுமாகும். நீரே கடவுள், சொல்லுக்கு அடங்காதவர், நினைப்புக்கு எட்டாதவர், கண்ணுக்குப் புலப்படாதவர், அறிவுக்குப் பிடிபடாதவர், என்றும் இருக்கிறவர், இருந்தபடியே இருக்கிறவர். இல்லாமையிலிருந்து எங்களை இருப்புக்குக் கொண்டுவந்தீர். விழுந்துபோன எங்களைத் திரும்ப எழுப்பினீர்."

நான்கு ‘முடியாது’ வரிசையாக வருகின்றன. ஆனால் நான்குமே அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லப்படுகின்றன. ‘அவர் அறிய முடியாதவர்’ என்று மூன்றாம் மனிதரிடம் சொன்னால் அது ஒரு முடிவுரை, பேச்சு அங்கே நின்றுவிடும். ‘நீர் அறிய முடியாதவர்’ என்று அவரிடமே சொல்லும்போது பேச்சு தொடங்குகிறது. அடுத்த மூச்சிலேயே ‘நீர் எங்களை உண்டாக்கினீர், எழுப்பினீர்’ என்று அவர் செய்தவை வருகின்றன. பேசில் போட்ட வரிசை இங்கே ஜெபமாகியிருக்கிறது.

அதோடு விடவில்லை. கொஞ்சம் தள்ளி நன்றி சொல்லும் இடத்தில், நாங்கள் அறிந்த நன்மைகளுக்காகவும் அறியாத நன்மைகளுக்காகவும், வெளிப்படையாகக் கிடைத்தவைக்காகவும் மறைவாகக் கிடைத்தவைக்காகவும் நன்றி என்று ஒரு வரி. தெரியாத நன்மைக்கு எப்படி நன்றி சொல்வது? யூனோமியுஸைக் கேட்டால் முதலில் பட்டியல் கொடு என்பார். ஜெபம் பட்டியல் இல்லாமலே நன்றி சொல்கிறது. இந்த வழிபாட்டு முறை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த வரி இதுதான். அதற்கப்புறம், ஆயிரமாயிரம் தூதர்களும் ஆறு செட்டை உள்ள சேராபீன்களும் உம் அருகில் நிற்கும்போது எங்கள் கையிலிருந்தும் இந்த ஆராதனையை ஏற்றுக்கொள்ளத் தயை செய்தீரே என்று சொல்லி, ஏசாயா கேட்ட அதே ‘பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்’ பாட்டில் சபை சேர்ந்துகொள்கிறது.

இனி திரை. மலங்கரை ஆர்த்தடாக்ஸ், யாக்கோபாயக் கோவில்களில் நீங்கள் பார்த்திருக்கும் திரை எப்போது மூடுகிறது, எப்போது திறக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? அப்பத்தையும் ரசத்தையும் ஆயத்தம் செய்யும்போது மூடியிருக்கும். பொது ஆராதனை தொடங்கும்போது திறக்கும். அப்பத்தைப் பிட்கும் நேரத்தில் மூடித் திரும்பத் திறக்கும். கடைசியில் குரு திறந்த திரையிலிருந்து வெளியே வந்து மக்களுக்குக் கொடுக்கிறார். நிரந்தரமாக மறைப்பதுதான் நோக்கம் என்றால் சுவர் கட்டியிருக்கலாமே. எபேசியர் நிருபத்தைப் பற்றிய ஒரு பிரசங்கத்தில் கிறிசோஸ்தோமும் திரையைப் பற்றிச் சொல்கிறார். அவர் கண் திறக்கிற நேரத்தின்மேல்தான் இருக்கிறது: திரைகள் இழுக்கப்படும்போது வானமே திறந்து தூதர்கள் இறங்கி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்கிறார்.

சுவரும் கட்டினார்கள், அதை மறைக்கக் கூடாது. ரஷ்யக் கோவில்களில் இன்று பார்க்கும், பீடத்துக்கு முன்னால் கூரை வரை அடுக்கடுக்காகப் புனிதர் படங்கள் வைத்த சுவர் (படத்தட்டி) மத்திய காலக் கடைசியில் வளர்ந்தது. 537இல் கான்ஸ்டான்டிநோபிளில் ஹகியா சோபியா திறக்கப்பட்டபோது பீடத்துக்கு முன்னால் இருந்தது தூண்கள் வைத்த ஒரு தடுப்பு. உள்ளே நடப்பது தெரியும். சத்தத்துக்கும் இதே கதை. நற்கருணை ஜெபத்தைக் குருக்கள் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிற பழக்கம் ஆறாம் நூற்றாண்டிலேயே பரவிவிட்டது. 565இல் பேரரசர் ஜஸ்டினியன் ஒரு சட்டமே போட்டார்: ஆயர்களும் குருக்களும் இந்த ஜெபங்களை மக்கள் காதில் விழும்படி சொல்ல வேண்டும். 1 கொரிந்தியர் 14ஐயும் மேற்கோள் காட்டினார். நீ சொல்வது புரியாவிட்டால் கேட்பவன் எப்படி ‘ஆமென்’ சொல்வான் என்று பவுல் கேட்கும் இடம் அது. அதே ஆண்டில் அவர் இறந்துபோனார். சட்டம் தோற்றது. ‘சொல்லுக்கு அடங்காதவர், நினைப்புக்கு எட்டாதவர்’ என்ற அந்த அருமையான ஜெபத்தைப் பல நூற்றாண்டுகள் மக்கள் காதால் கேட்கவில்லை, அதன் கடைசி வரிகள் மட்டும் பாட்டாகக் கேட்டன.

இது நல்லதல்ல என்பது என் கருத்து. கடவுள் எட்டாதவர் என்பது ஒன்று, குரு சொல்வது காதுக்கு எட்டவில்லை என்பது இன்னொன்று. இரண்டாவதை முதலாவதின் பெயரில் நியாயப்படுத்தியவர்கள் நிறைய. புரியாத மொழியும் அந்தக் கணக்கில்தான் சேரும். அந்தியோகியா நகரத்து மக்கள் பேசிய கிரேக்கத்தில்தான் கிறிசோஸ்தோம் ஜெபித்தார். கிரேக்கம் தெரியாத ஸ்லாவியர்களுக்காக 860களில் சிரில், மெத்தோடியுஸ் என்ற சகோதரர்கள் வழிபாட்டை அவர்கள் மொழியிலேயே கொண்டுபோனார்கள். மேற்கில் கத்தோலிக்கர்களுக்கு லத்தீன் திருப்பலி 1960கள் வரை நீடித்ததற்கு வேறு பல காரணங்கள் உண்டு. கடவுளின் மறைபொருளைக் காப்பதற்கு அது தேவைப்பட்டது என்று நான் நினைக்கவில்லை.

ஆதிச் சபையில் மறைத்து வைத்தது ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஞானஸ்நானம் பெறாதவர்களைத் திருவிருந்துக்கு முன்பே வெளியே அனுப்பிவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்று அவர்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். நாலாம் நூற்றாண்டு எருசலேமில் ஈஸ்டர் இரவில் ஞானஸ்நானம், உடனே முதல் திருவிருந்து. நடந்தது என்ன என்ற விளக்கம் அடுத்த வாரம்தான், அதுவும் இயேசுவின் கல்லறை இருக்கும் கோவிலிலேயே, கதவைச் சாத்திக்கொண்டு. 380களில் மேற்கிலிருந்து யாத்திரை வந்த எகேரியா என்ற பெண் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்: ஆயர் விளக்கும்போது கேட்கிறவர்கள் எழுப்பும் ஆரவாரம் கோவிலுக்கு வெளியே வரை கேட்குமாம். இப்படி முதலில் உட்கொள், அப்புறம் விளங்கிக்கொள் என்ற வரிசை நமக்கு விசித்திரமாகப் படலாம். இதில் கடைசிவரை மறைத்துவைக்கும் எண்ணம் இல்லை என்பதை மட்டும் கவனியுங்கள். ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறார்கள். எல்லாம் சொன்ன பிறகும் மிச்சமிருக்கிறதே, அதுதான் மறைபொருள்.

வாயை அடைக்கிற உத்தியா என்று கேட்டீர்கள். அப்படிப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அடையாளம் கண்டுகொள்வது எளிது. அறியவொண்ணாதவர் கடவுள், அவருடைய ஊழியர்கள் அல்ல. சபைக் கணக்கு மறைபொருள் அல்ல, அதற்கு ஆடிட்டர் இருக்கிறார். கமிட்டித் தீர்மானமும் மறைபொருள் அல்ல. ‘கடவுளின் வழிகளை யார் அறிவார்’ என்ற வசனம் அந்த இடங்களில் வந்து விழுந்தால் உஷாராகுங்கள். நாலாம் நூற்றாண்டில் அந்தச் சொல் வேலை செய்த திசையே வேறு. எல்லாம் தெரியும் என்று ஆணித்தரமாகப் பேசியவர்களின் வாயைத்தான் அது அடைத்தது. கேட்டவர்களுக்குப் பேசிலும் இரண்டு கிரகோரிகளும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார்கள்.

பதிலை எழுதாமல் பாடியவர் ஒருவரும் உண்டு: எப்ரேம். நிசிபிஸ் ஊர்க்காரர், தாய்மொழி சிரியாக். 363இல் அந்த ஊர் பாரசீகர் கைக்குப் போனபோது கிளம்பி, கடைசியில் எடெஸாவில் குடியேறி, 373இல் அங்கேயே இறந்தார். கடவுளைத் துருவித் துருவி ஆராய்கிறவர்களை எதிர்த்து அவர் எழுதிய விசுவாசப் பாடல்கள் மட்டும் 87 இருக்கின்றன. அவருடைய பாடல்களைப் பெண்கள் குழுவாகக் கோவிலில் பாடினார்கள். அவற்றில் ஒன்றில், அப்பத்தில் சாப்பிட முடியாத ஆவியும் ரசத்தில் குடிக்க முடியாத நெருப்பும் மறைந்திருப்பதாகவும், அதையே நம் உதடுகள் வாங்கிக்கொள்வதாகவும் பாடுகிறார். வேதத்தைப் பற்றி அவர் சொன்ன ஒன்று உங்கள் கேள்விக்கும் பொருந்தும்: தாகத்தோடு ஊற்றுக்கு வந்தவன் குடித்ததற்காகச் சந்தோஷப்படுவான், ஊற்றைக் குடித்துத் தீர்க்கவில்லையே என்று வருத்தப்படமாட்டான். ஊற்று உன் தாகத்தை ஜெயிக்கட்டும், உன் தாகம் ஊற்றை ஜெயிக்க வேண்டாம் என்கிறார்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. இதுவரை சொன்னதை வைத்துக் கிறிஸ்தவக் கடவுள் எங்கோ எட்டாத தூரத்தில் இருக்கிறவர் என்று நினைத்தால் பாதிதான் பிடிபட்டது. "தேவனை ஒருவரும் ஒருக்காலும் கண்டதில்லை" என்று தொடங்கும் யோவான் 1:18, அதே மூச்சில் குமாரன் அவரை வெளிப்படுத்தினார் என்று முடிகிறது. எட்டாம் நூற்றாண்டில் படங்களை உடைக்கும் சண்டை வந்தபோது டமாஸ்கஸ் யோவான் வாதாடியது இதை வைத்துத்தான். உருவமில்லாதவரை வரைய முடியாதுதான், ஆனால் அவர் மாம்சத்தில் வந்து மனிதரோடு நடமாடிய பிறகு அந்த முகத்தை வரையலாம் என்றார். அதனால்தான் கிழக்கத்திய கோவில் சுவர் முழுக்க இயேசுவின் முகம். பிதாவின் முகம் வரையக் கூடாது என்பது பழைய முறை. மாஸ்கோவில் 1666-67இல் கூடிய பெரிய சங்கம் அதைத் தடையாகவே எழுதிவைத்தது. மீறி வரைந்தவர்கள் நிறைய இருந்ததால்தானே தடை தேவைப்பட்டது!

கடைசியாக உங்கள் சி.எஸ்.ஐ. ஆராதனை. தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பர் 27இல் சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் உருவானது. அதன் திருவிருந்து ஆராதனை முறை 1950இல் வழக்கத்துக்கு வந்தது. அதைத் தொகுத்தவர்கள் ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட் புத்தகங்களோடு நிற்கவில்லை. தொடக்கத்தில் வரும் ‘பரிசுத்த கடவுளே, பரிசுத்தமும் வல்லமையும் உள்ளவரே, பரிசுத்தமும் சாவாமையும் உள்ளவரே’ என்ற வேண்டுதல் கிழக்கத்திய சபைகளுடையது. 451இல் கல்கெதோன் சங்கத்தில் ஆயர்களே அதை முழங்கியிருக்கிறார்கள். பிரதான ஆசாரியராகிய இயேசுவை ‘வந்து எங்கள் நடுவில் இரும்’ என்று அழைக்கும் ஜெபம் ஸ்பெயின் நாட்டுப் பழைய மொசராபிய வழிபாட்டிலிருந்து வந்தது. பீடத்திலிருந்து தொடங்கி, உள்ளங்கையோடு உள்ளங்கை சேர்த்து, பெஞ்சு பெஞ்சாகக் கைமாறி வரும் சமாதான வாழ்த்து, நீங்கள் திரை போடுகிறார்கள் என்று சொன்ன அதே கேரளத்துச் சிரியன் சபைகளின் வழக்கம்.

அப்புறம் குருவானவர் சபைக்கு நேராக நின்று, எல்லோருக்கும் புரிகிற தமிழில், எல்லோர் காதிலும் விழும்படி அந்த நன்றி ஜெபத்தைச் சொல்கிறார். ஜஸ்டினியன் கேட்டது அவ்வளவுதான். அந்த ஜெபத்தின் நடுவிலும் சபை எழுந்து சொல்வது, முகத்தை மூடிக்கொண்ட சேராபீன்களின் ‘பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்’தான். அதில் உள்ள ஒவ்வொரு சொல்லும் ஞாயிறு பள்ளிக் குழந்தைக்குக்கூடப் புரியும்.